விரல் தேய்ந்தால் ஆள் தேய்ந்துவிடுவாரா?

(தலைப்பு: இன்றைய கருவிகள் மனிதனுக்கு வளைகின்றனவா? மனிதன் கருவிகளுக்கு வளைகிறானா? 'மனிதனே வளைகிறான்' என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டுக் கூடத்தில் தட்டும் கையுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரே!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "கிரைண்டர் வேண்டாமா? மிக்சி வேண்டாமா? பேராசிரியர் தம் வீட்டம்மாவை மறுபடியும் ஆட்டுக்கல்லில் உட்கார வைக்கப் போகிறாரா?" என்றார். ஐயா, அந்தத் தைரியம் எனக்கு இல்லை! (சிரிப்பு) கொண்டுவந்து போட்டால் நான்தான் உட்கார்ந்து ஆட்ட வேண்டியிருக்கும்! (பலத்த சிரிப்பு) கருவி வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல தலைப்பு. யார் யாருக்கு வளைகிறார்கள் என்பதுதான் தலைப்பு.

நான் தமிழ் வாத்தியார். இலக்கணத்தில் தொடங்கினால்தான் எனக்குப் பேச்சே வரும். மூன்றாம் வேற்றுமை உருபு 'ஆல்'. அதற்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு. 'கத்தியால் காய் நறுக்கினாள்' என்றால் கத்தி கருவி. 'தச்சனால் கட்டில் செய்யப்பட்டது' என்றால் தச்சன் கருத்தா. உருபு ஒன்றுதான்; உட்கார்ந்திருக்கும் நாற்காலி வேறு. 'தாத்தா செல்போனால் பேசினார்' என்றால் செல்போன் கருவி. 'தாத்தா செல்போனால் அலைக்கழிக்கப்பட்டார்' என்றால்? செல்போன் கருத்தா ஆகிவிட்டது. தாத்தா செயப்படுபொருள் ஆகிவிட்டார்! (சிரிப்பு, கைதட்டல்) நடுவர் அவர்களே, கருவி கருத்தாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதுதான் எங்கள் அணியின் வாதம்.

அவர் சாட்சிக்குக் கூப்பிட்ட கிரைண்டரையே நானும் கூப்பிடுகிறேன். 1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். கல்லைத் தூக்கி எறிந்துவிட்டாரா? இல்லை. மாவு கல்லில் அரைபட்டால்தான் இட்லி பூப்போல வரும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும், சுற்றுகிற அம்மாவின் தோள் கழன்று போகும். கிரைண்டரிலோ உரல் சுற்றுகிறது, குழவி தன் இடத்திலேயே கிடக்கிறது, அம்மாவின் தோள் தப்பித்தது! அடுப்படியில் இருப்பவளின் கையையும் கவனித்து, நாக்கின் ருசியையும் கவனித்துச் செய்த கருவி அது. அதனால்தான் பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது.

அடுத்து ஜெய்ப்பூர் கால். வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கைக் கால், ஷூ மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறவனுக்குச் செய்த கால். நம் ஊர்க்காரன் சம்மணம் போட வேண்டும், குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டும். 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், டாக்டர் சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து, இவை அத்தனைக்கும் வளைகிற ரப்பர் பாதத்தைச் செய்தார்கள். 'நீ உட்காரும் முறையை மாற்றிக்கொள்' என்று அந்தக் கால் சொல்லவில்லை. 'நீ எப்படி உட்காருவாய், சொல். நான் அப்படி மடங்குகிறேன்' என்றது. (கைதட்டல்)

கருவி மனிதனுக்கு வளைவது என்றால் இப்படி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய வீட்டுக்குள் வாருங்கள்.

டி.வி. பார்க்க வேண்டும். எத்தனை ரிமோட்? டி.வி.க்கு ஒன்று, செட்டாப் பாக்சுக்கு ஒன்று. அதில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள். நமக்கு வேண்டியது நாலைந்துதான். தவறி ஒன்றை அமுக்கிவிட்டால் திரை கறுப்பாகிவிடும். அப்புறம் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும் தாத்தா கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்! (சிரிப்பு) கால்குலேட்டரை எடுங்கள், மேல் வரிசையில் 7, 8, 9. போனை எடுங்கள், மேல் வரிசையில் 1, 2, 3. அதே பத்து எண்கள்தானே ஐயா! இரண்டு கருவிகள் தங்களுக்குள் ஒத்துப்போகாததற்கு என் விரல் ஏன் தடுமாற வேண்டும்?

இதுவரை சிரித்தோம். இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கில்லை.

காலமெல்லாம் செங்கல் தூக்கிய ஒரு தாய். பிறர் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கித் துலக்கிக் கை வெந்துபோன ஒரு தாய். அவள் ஒரு கருவியின் முன்னால் விரலை வைக்கிறாள். கருவி 'பொருந்தவில்லை' என்கிறது. மறுபடியும் துடைத்துவிட்டு வைக்கிறாள். 'பொருந்தவில்லை.' உழைத்து உழைத்து ரேகை தேய்ந்துபோயிருக்கிறது நடுவர் அவர்களே! வரிசையில் பின்னால் நிற்பவர்கள், "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்கிறார்கள். இருபது வருஷமாக அவளைத் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும், 'நீ நீயில்லை' என்று ஒரு பெட்டி சொல்கிறது. அந்தத் தாய் என்ன நினைக்கிறாள் தெரியுமா? "என் கைதான் சரியில்லை சாமி" என்று சொல்லிவிட்டுத் தலை குனிகிறாள். இதைவிடவா மனிதன் வளைய வேண்டும்? (நீண்ட கைதட்டல்)

இன்னொன்று. பணம் எடுக்க ரகசிய எண் என்கிறார்கள். எழுத்தோ கடுகைவிடச் சிறியது. யோசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்கிறது திரை. பெரியவர் என்ன செய்வார்? பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத பையனிடம் அட்டையையும் கொடுத்து, "தம்பி, என் நம்பர் இதுதாம்ப்பா, கொஞ்சம் போட்டுக் குடு" என்று ரகசியத்தையும் சொல்கிறார். திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டது!

எதிரணி நண்பர் உடனே சொல்வார்: "காலம் மாறினால் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே!" கற்றுக்கொள்கிறோம் ஐயா. மிதிவண்டியை ஒருமுறை கற்றோம், ஆயுசுக்கும் வந்தது. இன்றைக்கு ராத்திரி கற்றுக்கொண்டு படுத்தால், விடியும்போது செல்போன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு வேறு முகத்தோடு நிற்கிறது! (சிரிப்பு) தேய்ந்த ரேகையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது?

கருவியால் வளைய முடியாதா? முடியும். அதற்கும் சாட்சி வைத்திருக்கிறேன். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குக் கைரேகை, கருவிழி கொண்டு மின்னணுச் சான்று தரும் முறை 2014இல் வந்தது. முகத்தைக் காட்டியே சான்று பெறும் வழி 2021இல் வந்தது. ஏழு வருஷம் கழித்து, இன்னொரு வாசல் திறந்தது. அந்த வாசலை முதல் நாளே திறந்து வைத்திருக்கக் கூடாதா? தேய்ந்த விரலையும் மங்கிய கண்ணையும் முதல் நாளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "அம்மா, உங்களுக்கு இது வசதியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதாதா?

கேட்கவில்லை. அதனால் வளைகிறோம். வளைந்து வளைந்து, குறை நம்மிடம்தான் என்று நம்பவும் தொடங்கிவிட்டோம். வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் பாட்டி பொத்தானைத் தப்பாக அமுக்கினால், "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லாதீர்கள். "இதைச் செஞ்சவனுக்கு உன்னைத் தெரியாது பாட்டி" என்று சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)

கருவி கருவியாக இருக்கட்டும். மனிதன் கருத்தாவாக இருக்கட்டும். இன்றைக்கு அப்படி இல்லை என்பதால், மனிதனே வளைகிறான் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.