ஏலக்காட்டுக் குழிவிரியன்

மூணாறு, சின்னக்கானல் பக்கம் ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் குழிவிரியன் புதிதல்ல. பெருஞ்செதில் குழிவிரியன் தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்வது. இலைப் பச்சையில், கிளையோடு கிளையாக அசையாமல் கிடக்கும். தூக்கிய மூக்குள்ள இன்னொரு சின்னக் குழிவிரியனோ பார்வைக்குக் காய்ந்த சருகேதான்! இவற்றின் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி. கும்மிருட்டிலும் எலியின் உடற்சூட்டை அது காட்டிக்கொடுத்துவிடும். என்ன அற்புதமான அமைப்பு!

குழிவிரியனைப் பிடித்து வளர்க்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதோடு, நம்மிடமுள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நஞ்சுக்காகச் செய்யப்படுவது. குழிவிரியன் அதில் இல்லை.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்காதீர்கள். கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலியில் தெரிவித்தால் பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கையைக் காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏலத்தூரில் கை வைக்குமுன் ஒரு குச்சியால் சருகைக் கிளறிவிடுங்கள்.