குதிரை வண்டியும் கூலி மோட்டாரும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, லங்காஸ்டர் பகுதியின் சாலைகளில் இன்றும் குதிரை பூட்டிய வண்டிகள் செல்வதைக் காணலாம். அவற்றிற் செல்வோர் அமிஷ் எனப்படும் கிறித்தவ சமயக் குழுவினர். 1693ஆம் ஆண்டளவில், யாக்கோப் அம்மான் என்பாரின் வழிநின்று ஐரோப்பாவிலே தனிக்குழுவாகப் பிரிந்தவர்கள் இவர்கள். மோட்டார் வண்டியைச் சொந்தமாக வைத்திருத்தலும் தாமே ஓட்டுதலும் இவர்களது ஒழுங்குக்கு மாறானவை. ஆயின், பிறர் ஓட்டும் வண்டியில் ஏறிச் செல்வதற்குப் பெரும்பாலும் தடையில்லை. இது வெளியார்க்கு விந்தையாகத் தோன்றும். வண்டி வாசலில் நின்றால் குடும்பம் சிதறும், அயலவரின் துணை வேண்டாததாகிவிடும் என்பதே அவர்தம் அச்சம். சில்லுகளோடு அவர்களுக்குப் பகையேதுமில்லை.

குதிரையின் கால்களுக்கோ எல்லையுண்டு. தொலைவிலுள்ள மருத்துவமனைக்கும், தச்சுவேலை நடக்குமிடத்துக்கும், வேறு மாவட்டத்து உறவினரின் மரணச் சடங்குக்கும் எவ்வாறு செல்வது? அயலில் வாழும், ஓய்வுபெற்ற ஒருவர் தமது வானிலே அவர்களை ஏற்றிச் செல்கிறார். மைலுக்கு இவ்வளவு, காத்திருக்கும் நேரத்துக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சிலே கூலி முடிவாகும். 'அமிஷ் டாக்சி' என்பது இதற்கு ஊரார் இட்ட பெயர்.

உதவியாகத் தொடங்கிய இது, கூலி கைமாறிய அளவிலே சட்டத்தின் கண்ணில் தொழிலாகிவிடுகிறது. பென்சில்வேனியாவிலே பொதுச் சேவைகளை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். தமது கொள்கை காரணமாக மோட்டார் வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கவோ ஓட்டவோ இயலாதவர்களை ஏற்றிச் செல்வதற்கென்றே அவ்வாணைக்குழு தனி அனுமதி வழங்குவதுண்டு. சமயத்தின் பெயரைச் சொல்லாமலே சமயத்துக்கு இடமளித்த அச்சொற்றொடர் பாராட்டத்தக்கதே.

காப்புறுதியே இதில் கடுமையான முடிச்சு. சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஆளேற்றும்போது பொதுவாகச் செல்லுபடியாகாது. அமிஷ் மக்களிற் பெரும்பாலோர் மருத்துவக் காப்புறுதியும் எடுப்பதில்லை. நோய்ச் செலவைச் சபையாரே பகிர்ந்து ஏற்கின்றனர். எனவே அனுமதியற்ற வானொன்று விபத்துக்குள்ளானால், அச்சுமை முழுச் சபையின் தலையிலும் விழக்கூடும். எனினும், தொழிற்காப்புறுதியின் விலையைக் கேட்ட முதிய ஓட்டுநர் பலர் அதனை வாங்கத் தயங்குவதும் இயல்பே.

அடுத்தது வரி. எண்ணெய், தேய்வு முதலிய செலவுகளைக் கழித்தபின் தேறும் சம்பாத்தியம் ஆண்டுக்கு 400 டொலரை எட்டுமாயின், சுயதொழில் வரிக்கணக்கை ஓட்டுநர் காட்டியே ஆகவேண்டும். வருமான வரிக்கு மேலதிகமாக இதற்கு ஏறத்தாழ 15 வீதம் செல்லும். ஏட்டிலே மைற்கணக்கை எழுதிவைப்பவருக்கு உரிய கழிவுகள் கிடைக்கும். எழுதாதவர் தமக்குத்தாமே இழப்பைத் தேடிக்கொள்கிறார்.

இதில் ஒரு வேறுபாடு உண்டு. 1961இலே, சமூகப் பாதுகாப்பு வரி செலுத்த மறுத்த அமிஷ் உழவர் ஒருவரின் மூன்று குதிரைகளை வரி அதிகாரிகள் பறித்து விற்றனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பின்னர், 1965ஆம் ஆண்டுச் சட்டம் சுயதொழில் புரியும் அமிஷ் மக்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்குப் பெற வழிசெய்தது. பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் உழவர் அவ்விலக்கைப் பெறலாம். முன்னிருக்கையில் வண்டியோட்டும் அயலவரோ, அச்சபையைச் சாராதவராதலின், முழுமையாகச் செலுத்தவேண்டும்.

அனுமதி பெற்றவர், தாம் செலவிட்டதைக் கூலியிற் சேர்த்தே கேட்பார். பெறாதவர் குறைத்துக் கேட்பார். நள்ளிரவிலே குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட தாய், ஒழுங்கையின் முனையிலுள்ள பொதுத் தொலைபேசிச் சாவடிக்கு விளக்கேந்தி ஓடும்போது அனுமதிப்பத்திரத்தை விசாரிப்பதில்லை. எவர் முதலில் மறுமொழி கூறுகிறாரோ, அவருடைய வானே வாசலுக்கு வரும்.