காலம் சமன் செய்யுமா? ஜெர்மனியை முன்வைத்து ஒரு வழக்கு



பொருள் உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். ராபர்ட் பேரோவும் சேவியர் சலா-இ-மார்ட்டினும் 1991இல் அமெரிக்க மாநிலங்களையும் ஐரோப்பிய வட்டாரங்களையும் ஆராய்ந்து, ஏழை வட்டாரத்துக்கும் பணக்கார வட்டாரத்துக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்குகிறது என்றார்கள். அந்த வேகத்தில் பாதி இடைவெளி மறைய 35 ஆண்டுகள் ஆகும். அன்று தொட்டு என் துறை நண்பர்கள், தண்ணீர் மட்டம் தேடுவதுபோல வருமானமும் மட்டம் தேடும் என்று எழுதிவருகிறார்கள். தேநீர் இடைவேளைகளில் முடியாத இந்த வழக்கை, யாரும் குறுக்கிட முடியாத இந்த மேடையில் முடித்துவிட எண்ணம்.

அவர்களுடைய முதல் சாட்சி கிழக்கு ஜெர்மனி. 1991இல் அதன் தலைவீத உற்பத்தி மேற்கின் பாதியைக்கூட எட்டவில்லை. இன்று இடைவெளி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. “பார்த்தீர்களா!” என்கிறார்கள். எண் பொருந்துகிறது, மறுக்கவில்லை. வந்த வழிதான் பொருந்தவில்லை. இடைவெளியின் பெரும்பகுதி முதல் ஐந்தாறு ஆண்டுகளில், மேற்கிலிருந்து கொட்டிய பணத்தில், ஒரே தாவலாகக் குறைந்தது. பிறகு வெறும் ஊர்தல். சீரான வேக விதிக்கு இது எப்படிச் சாட்சியாகும்? தலைவீதக் கணக்கில் தலைகளே குறைந்தன என்பதையும் மறக்கக்கூடாது. இளைஞர்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். மொத்த இடப்பெயர்வின் நிகர ஓட்டம் 2017இல்தான் திரும்பியது.

கிழக்கிலுள்ள யேனா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல் ஜைஸ் 1846இல் அங்கே ஒளியியல் கருவிப் பட்டறை திறந்தார். அவருடன் சேர்ந்த இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே நுண்ணோக்கியை அறிவியலாக்கினார், 1889இல் அறக்கட்டளை அமைத்தார். 1900இலேயே அங்கே எட்டு மணி நேர வேலை. அப்போது யேனாவை யாரும் பின்தங்கிய ஊர் என்று சொல்லியிருக்க முடியாது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நுழைந்தது. ஊர் சோவியத் வசம் போகப்போகிறது என்று தெரிந்ததும், ஜைஸின் தலைமை வல்லுநர்களைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு மேற்கே போனது. அவர்களைக் கொண்டு மறு ஆண்டு தெற்கில் ஒபர்கோக்கன் என்ற சிற்றூரில் இன்னொரு ஜைஸ் முளைத்தது. எஞ்சிய இயந்திரங்களையும் நூற்றுக்கணக்கான நிபுணர்களையும் 1946இல் சோவியத் அரசு கொண்டுபோனது. ஒரே பெயருக்கு இரண்டு நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின.

இரு ஜெர்மனிகளும் இணையவிருந்த வேளையில், 1990 ஜூலை முதல் நாள், மேற்கின் மார்க் நாணயம் கிழக்கே வந்தது. கூலி ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாற்றப்பட்டது. மாஸ்கோவின் ஆர்டர்கள் நின்றன. யேனா ஆலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். 1991 ஒப்பந்தப்படி ஜைஸின் மையத் தொழில் ஒபர்கோக்கனுக்குப் போனது. மிச்சத்தை யெனாப்டிக் என்று பெயரிட்டு, மேற்கு ஜெர்மன் அரசியல்வாதி லோதார் ஷ்பேத் நிமிர்த்தினார். இன்று யேனா கிழக்கின் வளமான நகரங்களில் ஒன்று. என் நண்பர்கள் அதன் சராசரியை மேற்கோளாகக் காட்டுகிறார்கள். ஆனால் உலகின் நவீனச் சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களுக்கான ஆடிகளைச் செய்யும் ஜைஸ் பிரிவு ஒபர்கோக்கனில் இருக்கிறது. யேனாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஜைஸ் மெடிடெக்கின் பெரும்பான்மைப் பங்கும் ஒபர்கோக்கனின் தாய் நிறுவனத்துடையதே. 1945இல் ஒரு லாரி அணி செய்ததைக் காலம் இன்னும் திருத்தவில்லை.

அதே ஆலையின் மூன்று தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் புதிய நிறுவனத்தில் மேற்கத்திய சம்பளத்துக்கு அருகே வந்தார். ஒருவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். ஒருவர் வேலையில்லா நிவாரணத்தில் வாழ்ந்தார். 1989இல் மூவருக்கும் சம்பளம் அதிகம் வேறுபடவில்லை. சராசரி மேற்கை நெருங்கியபோது கிழக்குக்குள்ளே ஏற்றத்தாழ்வு கூடியது. மேற்கு ஜெர்மனியில் 1984இல் தொடங்கி, நாணய மாற்றத்துக்கு முன்பே 1990இல் கிழக்குக்கும் விரிந்த குடும்ப ஆய்வு (எஸ்.ஓ.இ.பி.) இதைப் பதிந்திருக்கிறது. கிழக்கு மேற்கைப்போல ஆனது என்றால், சமமின்மையிலும் ஆனது. வட்டாரங்களுக்கு இடையிலான இடைவெளி, வட்டாரத்துக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு என்ற இரண்டு கேள்விகளையும் நண்பர்கள் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

ஜெர்மன் மாநிலங்களுக்கு இடையிலான நிதிப் பகிர்வையும் பாருங்கள். பவேரியா 1950 முதல் 1986 வரை பிற மாநிலங்களின் உதவி வாங்கியது, இன்று மிகப் பெரிய கொடையாளி. நிலக்கரி வளத்தால் கொடுத்துவந்த நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா பின்னர் வாங்கும் பக்கம் நின்றது. ஆக வரிசை மாறுகிறது, அதை இடைவெளியின் சுருக்கம் என்று படிக்கக்கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாநிலங்களிடையே வரிப் பங்கைப் பிரிக்கையில் நம் 15ஆவது நிதிக்குழு வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடு எடை கொடுத்தது. மாநிலச் சராசரி மட்டுமே அதில் பேசுகிறது. கோவையையும் இராமநாதபுரத்தையும் மாவட்டவாரியாக, குடும்பவாரியாக, நீண்ட காலத் தொடராய்ப் பின்தொடரும் ஆய்வு வேண்டும். இடம்பெயர்ந்தோரைக் கணக்கில் சேர்க்கும் முறை வேண்டும். தலைமையகங்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை முனைவர் பட்ட மாணவர் யாராவது தொடங்கலாம். நில உடைமையும் வாரிசுச் சொத்தும் தனி ஆய்வுக்குரியவை, அவற்றை இங்கே தொடவில்லை.