குட்டி நாயின் வாயில் மரு



வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதனால் தோ பாயோவில் நாய் வளர்க்கும் குடும்பங்களில் அந்த ஒற்றைக் குட்டி வீட்டுப் பிள்ளைபோலவே வளர்கிறது. ஒருநாள் அதன் உதட்டோரத்தில் வெண்மையாக ஒரு சிறு பொட்டு தெரிகிறது. சில நாட்களில் அது காலிஃபிளவர் பூவைப்போல் சொரசொரப்பாகிறது. நாக்கிலும் ஈறிலும் மேலும் நாலைந்து முளைக்கின்றன. பாட்டி புற்றுநோய் என்கிறார். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று தாய் அஞ்சுகிறார். நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு அன்றிரவே எழுந்துவிடுகிறது.

அந்தப் பேச்சுக்கு அவசியமே இல்லை. இளம் நாய்க்கு வரும் இத்தகைய கட்டி பெரும்பாலும் பாப்பிலோமா என்ற வைரஸ் கிருமியால் உண்டாகும் மரு. இரண்டு வயதுக்கு உட்பட்ட நாய்களிடம்தான் இது அதிகம். அவற்றின் எதிர்ப்புச் சக்தி அந்தக் கிருமியை இன்னும் அடையாளம் கண்டிருக்காது. மனிதருக்கும் மரு வரும் என்றாலும் அதற்குக் காரணமான கிருமி வேறு. நாயின் கிருமி பிள்ளைகளுக்கோ பூனைக்கோ தொற்றாது.

வீட்டில் இருப்பதோ ஒரே நாய். பிறகு கிருமி எங்கிருந்து வந்தது? பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நாய்கள் ஓடியாடும் திடலில் வந்திருக்கலாம். முடி திருத்தும் கடையிலோ, ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச் செல்லும் காப்பகத்திலோ வந்திருக்கலாம். முகர்வதும் நக்குவதும் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பதும் போதும். கிருமி புகுந்து மரு தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆகவே நேற்று கூட விளையாடிய நாயின் சொந்தக்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்பது வீண்.

மருந்து என்ன என்பதே அடுத்த கேள்வி. பெரும்பாலான குட்டிகளுக்கு மருந்தே தேவைப்படாது. உடலே கிருமியை அறிந்து எதிர்த்துவிடும். மருக்கள் சில வாரங்களில், சிலவேளை மூன்று நான்கு மாதங்களில், சுருங்கி உதிர்ந்துவிடும். இப்படிச் சும்மா இருப்பதுதான் நம்மவர்களுக்குக் கடினம். சுண்ணாம்பு தடவுவது, அம்மான் பச்சரிசிப் பால் வைப்பது, நூலால் இறுக்கிக் கட்டுவது, மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மரு மருந்தைப் பூசுவது எல்லாம் ஆபத்து. வாயில் தடவியதை நாய் நக்கி விழுங்கும். வாயும் தொண்டையும் வெந்துபோகும்.

இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டியாக வேண்டும். அது மருதான் என்று உறுதிசெய்ய வேண்டியவர் அவரே. சந்தேகம் இருந்தால் சிறு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்புவார். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்து வந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அது குறைத்துவிடும். நாய் சாப்பிட மறுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, வாயில் துர்நாற்றம் வீசினாலோ, மூச்சுவிடத் திணறினாலோ காத்திருக்கக் கூடாது. அப்போது மருவை அறுவை செய்தோ உறையவைத்தோ அகற்ற வேண்டிவரும். வயதான நாயின் வாயில் தோன்றும் கட்டியை மரு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அது உண்மையிலேயே புற்றாக இருக்கலாம்.

இந்த மருவுக்கு இன்னொரு கதையும் உண்டு. கிருமியின் வெற்று ஓட்டை மட்டும் ஊசியாகப் போட்டு நாய்களை இந்நோயிலிருந்து காக்க முடியும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிராக 2006இல் வந்த தடுப்பூசியும் அதே முறையில் அமைந்ததுதான். சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவியருக்குப் பள்ளியிலேயே போடப்படுவதும் அத்தகைய ஊசியே.

மரு இருக்கும்வரை குட்டியைத் தனியாக நடக்கவிட்டால் போதும். அதன் கிண்ணத்தையும் பொம்மைகளையும் வேறு நாய்க்குத் தரக்கூடாது. கடைசி மருவும் உதிர்ந்து வாய் சுத்தமானதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு அது பழையபடி திடலுக்குப் போகலாம்.