ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்



எங்கள் பெரியம்மாவுக்கு 71 வயது. மங்கலம்பேட்டையில் பிறந்து, மங்கலம்பேட்டையிலேயே வாக்கப்பட்டவர். சிதம்பரத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவார். பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து, பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரி, மேல வீதியில் ஒரு கல்யாணம், ஆனித் திருமஞ்சனத்துக்கு இரண்டு முறை. ஆனால் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. "எதுக்குடி தங்கணும்? அதான் கடைசி பஸ் இருக்கே" என்பார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் அநேகமாக எல்லோருமே இப்படித்தான். சொந்தபந்தங்களோடு இரண்டு நாள் வெளியே போய் நன்றாகச் சாப்பிட்டு, நல்ல பாட்டுக் கேட்டுவிட்டு வரலாம் என்றால் உடனே சென்னை என்போம், பாண்டிச்சேரி என்போம். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் சிதம்பரம் நினைவுக்கு வராது. அங்கே போவது காரியத்துக்கு. காரியம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். அந்த ஊர் தன் சங்கீதத்தை எடுத்து வைப்பதே நாம் பஸ் ஏறிய பிறகுதான் என்பது எனக்கும் சென்ற தை மாதம்வரை தெரியாது.

தை மாதத்து ஒரு சனிக்கிழமை ஒன்பது பேர் கிளம்பினோம். பெரியம்மா, சித்தப்பா, சித்தி, நெய்வேலியிலிருந்து அத்தையும் அத்தை மகளும், சென்னையிலிருந்து அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய பையனும், நான். திருவிழா ஏதுமில்லாத நாளாகப் பார்த்துத்தான் போனோம். கூட்டம் இருக்கும் நாளில் ஒரு கோயிலைப் பார்க்கலாம், கேட்க முடியாது.

விருத்தாசலம் தாண்டி பஸ் கிழக்கே போகப் போக, ஜன்னலோரம் மண் மாறுவது தெரியும். செம்மண்ணும் முந்திரியும் மெல்ல விலகி, கறுத்த களிமண்ணும் சம்பா வயலும் வரும். சேத்தியாத்தோப்பு வந்தால் வெள்ளாற்று அணைக்கட்டு. தெற்கே வீராணம் ஏரி. அந்த ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது என்று சித்தப்பா சொன்னதும் அண்ணி, "அப்ப நாங்க தினமும் குடிக்கிறது உங்க ஊர்த் தண்ணியா?" என்று ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். புவனகிரி தாண்டியதும் பையன்தான் முதலில் கோபுரத்தைப் பார்த்தான்.

நடராசர் கோயிலில் உச்சிக் காலப் பூசை முடிந்து நடை சாத்திவிட்டால் மாலை ஐந்து மணி வாக்கில்தான் திறப்பார்கள். ஆகவே பகல் சாப்பாட்டுக்கு உரியது. தெரிந்த ஒரு தீட்சிதர் வீட்டில் முன்னமே சொல்லிவைத்து, சம்பா சாதமும் கொத்சும் வாங்கியிருந்தோம். நடராசருக்குப் படைக்கிற நைவேத்தியம் அது. சாதத்தில் மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் போட்டு, நெய் விட்டுக் கிளறியிருப்பார்கள். வேறு ஆடம்பரம் கிடையாது. அதன் துணைதான் கொத்சு. கத்தரிக்காயை எண்ணெயில் நன்றாக வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, கொத்தமல்லி விதையும் கடலைப்பருப்பும் மிளகாய் வற்றலும் பெருங்காயமும் வறுத்து அரைத்த பொடியைத் தூவி இறக்குவது. கோயில் கொத்சில் வெங்காயம் கிடையாது. ஊருக்குள் கடைகளில் இட்லிக்குத் தரும் கொத்சில் சின்ன வெங்காயம் இருக்கும். எது ருசி என்று அத்தைக்கும் சித்திக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். என்னைக் கேட்டால், கத்தரிக்காயும் மல்லியும் தம் வாசனையோடு தனியே நிற்கிற கோயில் கொத்சுதான். காரமும் புளிப்பும் நாக்கை அடிக்காமல் உட்காரும்.

மாலையில் கிழக்குக் கோபுர வாசலில் நுழைந்தோம். அத்தை மகள் எங்களை உள்ளே போகவிடவில்லை. வாசலின் இரு பக்கச் சுவரிலும் வரிசை வரிசையாக ஆடும் பெண்கள், 108 கரணங்கள். கூடவே கிரந்த எழுத்தில் அந்தந்தக் கரணத்துக்கு உரிய நாட்டிய சாத்திரச் செய்யுள். கல்லில் பாடப்புத்தகம் எழுதி, பக்கத்திலேயே படமும் போட்டு வைத்த மாதிரி. பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்தபோது இந்தக் கோயில் சிற்பங்கள் அவருக்கு எவ்வளவு பெரிய சான்று என்று அவள் விளக்கிக்கொண்டிருக்க, பையன் ஒவ்வொரு சிற்பத்தின் முன்னும் நின்று அதேபோல் காலை மடித்துப் பார்த்தான். வருகிறவர்கள் சுற்றி வளைத்துப் போனார்களே தவிர ஒருவரும் அதட்டவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவருக்கும் இந்தக் கோயிலில் பங்குண்டு. உளுந்தூர்ப்பேட்டை அருகே சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்டு 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன், சோழன் மூன்றாம் ராஜராஜனையே சிறைபிடித்தவன். தில்லைக் கோபுரத் திருப்பணியில் அவன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம சேந்தமங்கலமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். அவர் பாடிய திருத்தொண்டத்தொகைதான் நந்தனாரைத் திருநாளைப்போவார் என்ற பெயரால் சொல்கிறது. சிதம்பரத்துக்கு நாளைப் போகலாம், நாளைப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தவர். அவருக்கு நாளை என்பது சாதி குறுக்கே போட்ட படல். எந்தத் தடையும் இல்லாத நாம் வாரா வாரம் அதே சொல்லைச் சொல்வதை நினைத்தபோது எனக்கு உறுத்தியது.

அத்தை மகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வீணை படித்தவள். நடை திறந்து கூட்டம் குறையட்டும் என்று சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்தபோது அவள்தான் பேசினாள். ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது அண்ணாமலை நகர். 1929இல் பல்கலைக்கழகம் வந்தது. இசைக் கல்லூரியும் அதே ஆண்டு தொடங்கியதுதான். டைகர் வரதாச்சாரியார் அங்கே முதல்வராக இருந்திருக்கிறார். மட்டக்களப்புச் சீமையிலிருந்து வந்து, பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் விபுலானந்த அடிகள்; வழக்கொழிந்த யாழைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றியவர். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக் கடைசியில் துக்கடாவாகப் பாடப்பட்ட காலம் அது. 1941இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் அண்ணாமலை நகரில் கூடிய மாநாடு, தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்றது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. கல்கியும் டி.கே.சி.யும் ஆதரித்து எழுதினார்கள். பல்கலைக்கழகம் பாடல்களைச் சேகரித்துச் சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது.

"தண்டபாணி தேசிகர் இருந்தாரே" என்றார் பெரியம்மா திடீரென்று. 1942இல் ஜெமினி எடுத்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர். பிற்காலத்தில் இதே பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைவராக வந்தவர். பெரியம்மா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வானொலியில் கேட்ட குரல்தான். வாசலில் நெல் புடைத்துக்கொண்டே அவர் அம்மாவும் கேட்பாராம். நேயர்களே, என் பெரியம்மாவுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. முறத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு நிற்கிற பெரியம்மாவை மட்டும்தானே ஊரில் பார்க்கிறோம்?

இந்த ஊரைச் சுற்றிப் பாட்டு மண்டிக் கிடக்கிறது. சீர்காழி முத்துத்தாண்டவர் தினமும் இங்கே நடந்து வந்து, சந்நிதியில் காதில் விழும் முதல் சொல்லையே எடுப்பாக வைத்துக் கீர்த்தனம் பாடினார் என்பார்கள். பக்கத்துத் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையின் ஊர். தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்ததும், முதலாம் ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றை மீட்டதும் இந்தக் கோயிலுக்குள் என்பது வழிவழி வந்த வரலாறு. சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடலாம் என்று அரசாணை வர 2008ஆம் ஆண்டு பிப்ரவரி ஆயிற்று. அதற்காகச் சிவனடியார் ஆறுமுகசாமி என்ற முதியவர் பல ஆண்டுகள் போராடினார். அன்று மாலை ஓர் ஓதுவார் பாடக் கேட்டபோது அந்த முதியவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நடராசரும் கோவிந்தராசப் பெருமாளும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நின்று கும்பிட்டோம். வெளியே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் திரும்பி வந்தோம். ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸெல்லாம் போயிருக்கும் நேரம். பிரகாரம் காலியாக இருந்தது. பகல் வெயிலில் காய்ந்த கல்தளத்தில் கால் வைத்தால் கொஞ்சம் சூடு இன்னும் மிச்சம்.

அர்த்தசாமத்துக்குப் பெரிய மணிகள் அடிக்கத் தொடங்கின. காதால் கேட்பதாகத் தோன்றவில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்தது. பையன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டான். தீபாராதனை முடிந்து மணி நின்ற பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து பள்ளியறைக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற அந்தக் குழல், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் கேட்டால் காதைக் குத்தும். மேல்கூரையில்லாத பிரகாரத்தில், மைக் இல்லாமல், நடந்துகொண்டே வாசிக்கும்போதுதான் அது எந்த இடத்துக்காகச் செய்த வாத்தியம் என்று புரிகிறது. வாசித்தது நீலாம்பரி. தவில்காரர் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு வந்தார். பல்லக்குக்குப் பின்னால் மொத்தம் முப்பது பேர் இருப்போம். டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை. பெரியம்மா கடைசியில் மெதுவாக, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நடந்து வந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்று எத்தனையோ கோயில்களில் பூசை நேரத்துக்கு மோட்டார் மேளம் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே அடிக்கும். அதற்கு ராகம் தெரியாது. சுவாமி தூங்கப் போகிறாரா, எழுந்திருக்கிறாரா என்பதும் தெரியாது. வாசிக்கிறவருக்கு எதிரே கேட்கிறவர் வேண்டும். ஒரு நல்ல நீலாம்பரிக்கு முப்பது பேர்தான் என்றால், நாளைக்கு அந்த வித்துவானின் பிள்ளை எதற்குக் குழலைத் தொடுவான்? நாம் போய் நிற்பதுதான் அதற்கு நாம் கொடுக்கக்கூடிய சம்பாவனை.

பள்ளியறை சாத்தி, பைரவர் பூசையும் முடிந்து வெளியே வர மணி பத்தரைக்கு மேல். கீழ வீதியில் ஆளுக்கொரு டம்ளர் சூடான பால் குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம். படகில் ஏறியதும் சித்தப்பா எம்.ஜி.ஆர். புராணத்தைத் தொடங்கிவிட்டார், 1975இல் வந்த இதயக்கனி இங்கே எடுத்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த தில்லை மரத்தை இந்த அலையாத்திக் காட்டில்தான் பார்க்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல் என்பதால் படகுக்காரர் கிளையைத் தொடவிடவில்லை. மதியம் இறால் தொக்கும் நண்டுக் குழம்பும். மூன்று மணிக்கு ஊர் பஸ்.

புவனகிரிப் பாலம் தாண்டும்வரை பெரியம்மா பேசவில்லை. பிறகு முன் சீட்டில் இருந்த அத்தை மகளின் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, மாசி சிவராத்திரிக்கு அங்க நாட்டியம் ஆடுவாங்கன்னியே, அது எத்தன நாளு?"

"நாட்டியாஞ்சலியா அத்தை? 1981லேருந்து நடக்குது. அஞ்சு நாள். சாயங்காலம் தொடங்கினா ராத்திரி வெகு நேரம் ஆகும்."

பெரியம்மா மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப ரெண்டு ராத்திரிக்காவது ரூம் போடச் சொல்லு. அந்தப் பள்ளியறைப் பல்லக்கும் பாக்கணும்ல."