பூங்கா வாசலோடு திரும்பிவிடாதீர்கள்!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தோழர்களே, கடலூரிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்கு வந்து இந்தப் பந்தலை நிரப்பியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

பிள்ளைகளின் விடுமுறைக்குப் பெரிதும் பயன் தருவது கேளிக்கைப் பூங்காவா, அதைச் சுற்றியும் நம்மைச் சுற்றியும் இருக்கும் ஊர்களா? இதுதான் தலைப்பு. ஊர்களே, ஊர்களே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் எதிரணித் தலைவர் பேசினார். என்ன பேசினார்? "மேலே போகும், கீழே வரும், தலைகீழாகத் தொங்கவிடும், சுற்றோ சுற்றென்று சுற்றும்." அவ்வளவுதான்! நடுவர் ஐயா மணி அடிக்கிற வரைக்கும் சுற்றினார். கடைசியில் அவர் பேச்சு எங்கே வந்து நின்றது? கிளம்பின இடத்திலேயே வந்து நின்றது! (கைதட்டல்) நம் பிள்ளைகளையும் அப்படிக் கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்கிறார். நான் கேட்கிறேன், கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதற்குப் பெயர் பயணமா?

சரி, பூங்காவுக்கே போகிறீர்கள். போங்கள், யார் தடுத்தது? திருப்போரூர்ப் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தார்கள். இங்கிருந்து வேன் பேசிக்கொண்டு போகிறோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளப்பி, பிள்ளைகளைத் தூக்கத்திலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறோம். வழியில் என்னென்ன போகிறது தெரியுமா? மரக்காணத்தில் உப்பளம். சாப்பாட்டில் தினம் போடுகிற உப்பு எப்படி விளைகிறது என்று நம் பிள்ளை பார்த்திருக்கிறதா? அதைத் தாண்டினால் கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை, கடலைப் பார்த்து இடிந்து நிற்கிறது. அப்புறம் மாமல்லபுரம். 1984-இல் யுனெஸ்கோ உலகச் சொத்து என்று அறிவித்த ஊர். அமெரிக்காவிலிருந்து வருகிறான், ஜப்பானிலிருந்து வருகிறான். நம் வேன் மட்டும் "பார்க் திறக்கிற நேரம் ஆச்சு, ஓட்டு ஓட்டு" என்று அந்த ஊர் ஓரமாகப் பறக்கிறது. இது நியாயமா ஐயா?

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம். அங்கே ஒரு முருகன் கோயில் மணலுக்குள் புதைந்து கிடந்தது. 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தால் அடியில் செங்கல் கோயில்! அதே சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. இன்னும் மேலே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். திருப்போரூரிலேயே கந்தசாமி கோயில் இருக்கிறது. அதை எடுத்துக் கட்டிய மகானின் பெயர் என்ன? சிதம்பர சுவாமிகள்! நம் ஊர்ப் பெயர் தாங்கியவர் கட்டிய கோயிலை எட்டிக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் போய்த் தண்ணீரில் சறுக்கிவிட்டு வருகிறோம்.

எதிரணித் தங்கை ஒன்று சொன்னார்: "குழந்தைக்குச் சரித்திரம் எல்லாம் போரடிக்கும், பரபரப்பு வேணும்." பரபரப்புதானே வேணும் தங்கச்சி? தருகிறேன், கேளுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை. வருஷம் 1690. செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அதை விலைக்கு வாங்குகிறான். கோட்டை மட்டும் போதாது, சுற்றியிருக்கும் நிலமும் வேணும். எவ்வளவு நிலம்? அளந்து கொடுக்க ஆள் இல்லையா, கயிறு இல்லையா? ஒப்பந்தம் என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டியது, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம்! அவன் விடுவானா? நல்ல பீரங்கியாகப் பார்த்து, கைதேர்ந்த ஆளை வைத்து, பல திசைகளிலும் சுட்டான். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் அவனுடையது. ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாது, மேலே பறந்தது குண்டில்லை, தன் தலையெழுத்து என்று! அன்றைக்குச் சென்னையில் கவர்னர் யார்? எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்கிறோமே, அதே யேல்! குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரனிடம் பறிகொடுத்தபோது, தென்னாட்டில் கம்பெனிக்குத் தலைமை இடமாக இருந்தது இந்தக் கோட்டைதான். பிறகு ராபர்ட் கிளைவ் இதற்கே கவர்னராக வந்தான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினான்.

எதிரணித் தலைவருக்கு வீடு கடலூரில். ஐயா, உங்கள் வீடு குண்டு விழுந்த எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா? (சிரிப்பு, கைதட்டல்) தெரியாது! எந்த ராட்டினம் எத்தனை அடி உயரம் என்று பட்டியல் படித்தார். தான் குடியிருக்கிற மண் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. இதற்குத்தானய்யா வழக்காட வந்திருக்கிறோம்!

இன்னொன்று கேட்கிறேன். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைப் பிடித்து அடைத்தது எந்தச் சிறையில்? கடலூர்ச் சிறையில். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாரதி வேஷம் போடுகிறது, மீசை வரைந்துகொள்கிறது. இந்த ஒரு செய்தியைச் சொல்லிக் கொடுத்தோமா?

அடுத்து, "அந்தப் பூங்காவில் அலை வரும் குளம் இருக்கிறது" என்றார்கள். கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்குக் காசு கொடுத்து அலை காட்டுகிறீர்களா? வாருங்கள் பிச்சாவரத்துக்கு. இங்கிருந்து கிள்ளை வழியாகப் போனால் அரை மணி நேரம். துடுப்புப் படகில் ஏறுங்கள். அகலக் கால்வாய் முடிந்து சந்து மாதிரி ஒரு வாய்க்கால் வரும். கிளை தலையில் இடிக்கும், குனிய வேண்டும். இரண்டு பக்கமும் சுரபுன்னை, நூறு கால் ஊன்றி நிற்கும். அதன் காயைப் பாருங்கள், மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். பழுத்து விழுந்தால் சேற்றில் குத்தி நின்று அங்கேயே வேர் பிடிக்கும். நீர் வடிந்த நேரத்தில் போனால் கண்டல் மரத்தைச் சுற்றி வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், மூச்சு விடுவதற்கு! "அந்த மரத்தைத் தொடாதே தம்பி, பால் கண்ணில் பட்டால் கண் போயிடும்" என்பார் படகுக்காரர். அது என்ன மரம்? தில்லை! நடராசர் கோயிலின் தலமரம். ஊருக்குள் தேடினால் கிடைக்காத தில்லையைப் பிச்சாவரத்துச் சேற்றில்தான் பார்க்க முடியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தப் பந்தலில் இருக்கும் யாரும் மறந்திருக்க முடியாது. தேவனாம்பட்டினம் அழுதது, பரங்கிப்பேட்டை அழுதது. அன்றைக்கு இந்த மரங்கள் நின்று காத்த ஊர்கள் உண்டு. நம் கடலூர் மாவட்டக் கடலோரத்தை ஆராய்ந்து, மரம் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று 'சயின்ஸ்' இதழில் 2005-இல் கட்டுரை வந்தது. அலை என்றால் என்ன, அதன் முன்னால் நிற்கிற மரம் என்றால் என்ன என்று நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? சுவிட்சைப் போட்டால் வருகிற அலை இதைச் சொல்லிக் கொடுக்குமா?

ஆட்டம் பாட்டம் வேணுமா? எழுந்து நடந்தால் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுர வாசல். இரண்டு பக்கச் சுவரிலும் அடுக்கடுக்காக ஆடுகிறார்கள், 108 கரணங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுகிறோம். நின்று பாருங்கள். பிள்ளையிடம் ஒரு கரணத்தைக் காட்டி, "அதே மாதிரி நில்லுடா பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒற்றைக் காலைத் தூக்கி, இடுப்பை ஒடித்து நிற்பதற்குள் தடுமாறி விழுந்து சிரிக்கும். மறுபடி நிற்கும். இதற்கு டிக்கெட் உண்டா? வரிசை உண்டா?

கடைசியாக ஒன்று. கேளிக்கைப் பூங்கா என்றால் பொதுவாக என்ன சட்டம்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை உள்ளே விடமாட்டார்கள். பசித்தால் அவர்கள் சொல்கிற விலைக்குத்தான் வாங்க வேண்டும். நம் மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. 1867 மே 23-ஆம் நாள் வள்ளலார் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் பசித்து வருகிறவனுக்குச் சோறு போடுகிறது. சாப்பாட்டைத் தடுக்கிற வாசலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது பெருமையா, சாப்பிட வா என்று அழைக்கிற வாசலுக்குக் கூட்டிப்போவது பெருமையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

பெற்றோர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பூங்காவுக்குப் போனாலும் அன்று காலையில் மாமல்லபுரத்தில் வேனை நிறுத்துங்கள். போக முடியாதவர்கள் வருத்தப்படவே வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பிச்சாவரத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் வடலூருக்கும் அழைத்துப் போங்கள். நடுவர் ஐயா, தன் ஊரை அறியாத பிள்ளை எத்தனை உயரத்துக்கு ஏறி இறங்கினாலும் அதில் பயன் இல்லை. ஆகவே ஊர்களே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.