காய்ப்புழுவும் ஒரு மண் கிருமியும்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் வேளாண் துணைக்குழு சார்பில் பேசியது)



"பருத்தியில பி.டி. வந்த மாதிரி பயறுலயும் வந்துடுச்சாமே, வாங்கி விதைக்கலாமா?" நாங்கள் போகிற குழுக்களில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தட்டைப்பயறு பூவெடுக்கும்போது பூவையும் பிஞ்சையும் நூலால் பின்னி, உள்ளே இருந்து தின்கிற புழுவை நாம எல்லாரும் பாத்திருக்கோம். இதே புள்ளிக் காய்ப்புழுதான் ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டையும் வாட்டுகிறது. அங்கே தட்டைப்பயறு முக்கியமான உணவு. ஊற வைத்து அரைத்து, நம்ம வடை மாதிரி 'அகாரா' என்று சுட்டு, பெண்கள் தெருவில் விற்றுப் பிழைக்கிறார்கள். புழு விழுந்தால் அடுப்பும் அணையும், வியாபாரமும் படுக்கும்.

இப்போது கிருமிக்கு வருவோம். மண்ணில் அக்ரோபாக்டீரியம் என்று ஒன்று உண்டு. செடியில் காயம் பட்ட இடத்தில் புகுந்து கழலை உண்டாக்கும். காக்கைக் கூட்டில் குயில் முட்டை இடுகிறதே, அது மாதிரி தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் வைத்துவிடும். செடியும் தன்னுடையது என்று வளர்க்கும்! 1977-ல் இதை நிரூபித்தவர்களில் முக்கியமானவர் மேரி டெல் சில்டன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. 2013-ல் உலக உணவுப் பரிசைப் பெற்றவர்களில் இவரும் ஒருவர்.

குயில் முட்டையை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய முட்டையை வைத்தால்? விஞ்ஞானிகள் அதைத்தான் செய்தார்கள். கழலை உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு, புழுவைக் கொல்லும் மரபணுவை வைத்தார்கள். அது பி.டி. என்கிற இன்னொரு மண் கிருமியுடையது.

ஆனால் பயறு வகை லேசில் இணங்காது. புகையிலை இலைத் துண்டு சுலபமாகத் தழைத்து முழுச் செடியாகும். தட்டைப்பயறு அப்படி இல்லை. 2006-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறையில், ஆயிரம் விதைத் துண்டுகளில் ஒரே ஒரு நல்ல செடிதான் தேறியது. நைஜீரியாவில் 2019-ல் அனுமதி கிடைத்து, 2021-ல் விவசாயிகள் கைக்கு விதை போனது.

எங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அது வீரிய ஒட்டு விதை இல்லை. அறுவடையில் விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பி.டி. பருத்திக்கு வருஷா வருஷம் கடைக்கு ஓடுகிறோமே, அந்தச் செலவு இல்லை. அதே சமயம், அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் அந்த ரகம் அடங்காது, மருந்து தேவைப்படும். புழுவும் பழகிக்கொள்ளலாம். நம் பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிவிட்டதே!

நம் நாட்டு நிலைமை என்ன? 2002 முதல் அனுமதியோடு விவசாயிகள் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். பி.டி. கத்தரியை 2010-ல் நிறுத்தி வைத்தார்கள். தட்டைப்பயறு, உளுந்து, துவரை, கொண்டைக்கடலை எதற்குமே அனுமதி இல்லை. அதனால் 'பி.டி. பயறு' என்று யாராவது விதை கொடுத்தால் வாங்காதீங்க. எந்த விதை வாங்கினாலும் சான்று அட்டையைப் பாருங்க, ரசீது கேளுங்க.

புழுவுக்கு இப்போதைக்கு நம் கையில் இருப்பது வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, பூவெடுக்கும்போதே தெளிக்கணும்.

இன்னொன்று. கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்கிற ரைசோபியம் பொட்டலத்தையும் 'பி.டி.' என்று சில சகோதரிகள் ஒதுக்குவதாகக் கேள்விப்பட்டோம். அது அக்ரோபாக்டீரியத்துக்குச் சொந்தக்காரக் கிருமிதான். ஆனால் பயறின் மரபணுவை மாற்றாது. வேர் முடிச்சில் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குக் கொடுக்கும். தைரியமா கலக்குங்க. கலந்த விதையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைச்சிடுங்க.